பொட்டு வைக்காத டிரில்லிங் மெஷின்

வீட்டு உபயோகத்துக்கு டிரில்லிங் மெஷின் வாங்குவதென்றால் மலிவானது போதுமா, விலை கூடியது வேண்டுமா என்று எங்கள் காலனியில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் அனுப்பிவைப்பார்கள். உத்தியோக காலம் முழுவதையும் அரசுத் துறையொன்றின் கொள்முதல் பிரிவில் கழித்தவன் என்பதால் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைப்பு. தெரியும் என்பது உண்மைதான். ஆனால் அது கொள்முதல் பிரிவில் தெரிந்துகொண்டதல்ல. ஒரு பொருளை எப்படி வாங்கினால் நம்மை யாரும் கேள்வி கேட்க முடியாது என்பதைத்தான் அங்கே கற்றேன். எது நல்ல பொருள் என்று கண்டுபிடிப்பது வேறு பிரிவின் வேலை. அப்படியொரு பிரிவு எங்கள் அலுவலகத்தில் இருக்கவில்லை.

கேட்கிறவர்களிடம் விலை கூடியதையே வாங்கச் சொல்கிறேன். சொல்லிவிட்டு, மலிவான மெஷின் ஒன்றுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனையும் சொல்ல ஆரம்பிப்பேன். அதற்குள் கேட்டவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். ஆகவே எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஓய்வு பெற்று, கோயமுத்தூரை ஒட்டிய துடியலூரில் வீடு கட்டிக் குடிவந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. புரட்டாசியில் ஒரு நாள் காலையில் என் மனைவி துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை செய்து, உள்ளே தகடு வைத்து ஸ்குரூ போட்டு முடுக்கினார்கள். மறுநாள் டாக்டர் வந்து, எலும்பில் எப்படித் துளை போட்டார்கள், தகடு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவள், அவர் அந்தப் பக்கம் போனதும் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, எங்கால்ல ஓட்டை போட்ட மெஷின் எந்தக் கம்பெனின்னு கேட்டு வெச்சுக்குங்க."

"எதுக்கு?"

"சுவத்துக்கும் அதையே வாங்கிப்போடலாமில்லீங்க."

சுவர் பேச்சு எப்படி வந்ததென்றால், டாக்டர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வீட்டுக்குப் போனதும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். ஆனால் கழிப்பறையில் உட்காரவும் எழவும் பிடித்துக்கொள்ளச் சுவரில் உறுதியாக ஒரு கைப்பிடி வேண்டும். அது இல்லாமல் உள்ளே விடக்கூடாது. இன்னொரு முறை விழுந்தால் எதுவும் சொல்வதற்கில்லை. கைப்பிடி பொருத்தும்வரை, ஆஸ்பத்திரியில் செய்வதுபோலக் கட்டிலிலேயே பாத்திரம் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தப் பாத்திரம்தான் அவளுடைய கவலை. அறுவையையோ வலியையோ பற்றி அவள் அதிகம் பேசவில்லை. என்னிடம் தனியாகச் சொன்னாள். "இங்க ஆயாம்மாவுக்கு அது வேலைங்க. பேரு தெரியாது, நாளைக்குப் பாக்கப் போறதில்ல. ஊட்டுக்கு வந்து எம்புள்ளைகிட்டயும் உங்ககிட்டயும் அதை எடுக்கச் சொல்லி நான் படுத்திருக்க மாட்டேன். ஊட்டுக்கு வந்த அன்னிக்கே எனக்கு அந்தக் கைப்பிடி வேணும். வேற எதுவும் நான் கேக்கலீங்க."

அவள் என்னிடம் எதையும் கேட்டு வாங்கிய ஞாபகம் எனக்கில்லை. கைப்பிடிகள் சிரமமில்லாமல் கிடைத்தன. பீளமேட்டில் ஒரு பட்டறையில் ஸ்டீல் குழாயை வளைத்து, இரண்டு முனையிலும் வட்டத் தகடு பற்றவைத்துக் கொடுத்தார்கள். சுவரில் துளை போடுவதற்கு ஆள் கூப்பிடலாம். ஆனால் எங்கள் பக்கத்து எலக்ட்ரீஷியன்கள் மிகவும் மரியாதையானவர்கள். எப்போது கூப்பிட்டாலும் "நாளைக்கு வந்தர்றனுங்க" என்று சொல்வார்களே தவிர, ஒருநாளும் வரமாட்டேன் என்று சொன்னதில்லை. எனக்கும் பொழுது இருந்தது. மெஷின் ஒன்று வாங்கி நானே போட்டுவிடுவது என்று தீர்மானித்தேன்.

இங்கேதான் மச்சினன் வந்து சேர்ந்தான்.

என் மனைவிக்கு ஒரே தம்பி. கணபதி பகுதியில் பட்டறை. பம்புசெட் மோட்டாருக்குச் செப்புக் கம்பி சுற்றுவதில் தொடங்கியவன். கோயமுத்தூர்க்காரனிடம் ஒரு மெஷினைக் காட்டினால் விலை கேட்க மாட்டான். கழற்றிப் பார்ப்பான், அடுத்த மாதம் அதே மாதிரி ஒன்றைச் செய்து பாதி விலைக்கு விற்றுக்கொண்டிருப்பான். அந்தக் கணக்கில் மச்சினன் கிரைண்டர் செய்தான், உலை ஊதும் மோட்டார் செய்தான், அந்த வருஷம் டிரில்லிங் மெஷின் செய்துகொண்டிருந்தான். குலதெய்வத்தின் பெயரையே பிராண்டாக வைத்திருந்தான். அந்த மெஷின்களின் நடத்தையைப் பார்த்தபோது, தெய்வத்திடம் முன் அனுமதி பெற்றிருப்பானா என்று எனக்குச் சந்தேகம்.

"மாமா, மெஷினப் பத்திப் பேசவே வேண்டாமுங்க. நம்ம பட்டறையில இருந்து ஒண்ணு வந்துரும்" என்றான் ஆஸ்பத்திரி வராந்தாவில்.

"மாப்ள, உன் மெஷின் சூடானா புகையுதுன்னு நீயேதானப்பா சொன்ன?"

"அது போன மாடலுங்க."

"இந்த மாடல்?"

"இதுல புகை வாரதுக்கு முன்னாடியே வாடை வந்துரும். நாம நிறுத்திக்கலாமுங்க."

எங்கள் துறையில் கொள்முதலுக்கு மூன்று விலைப்புள்ளிகள் வாங்க வேண்டும். தரம் சமமென்றால் குறைந்த விலைக்காரருக்கே கொடுக்க வேண்டும். அதன்படி மச்சினனை யாரும் ஜெயிக்க முடியாது. அவன் விலையே கேட்கவில்லை. ஆனால் அதே விதிப் புத்தகத்தில் நெருங்கிய உறவினரிடம் கொள்முதல் செய்யக்கூடாது என்றும் இருக்கிறது. யோசித்துப் பார்த்தால், விதிகளை எழுதியவர்களுக்கும் மச்சினன்மார் இருந்திருக்க வேண்டும். இரண்டாவது விதியைப் பிடித்துக்கொண்டு, மெஷின் கடைகள் இருக்கிற நஞ்சப்பா ரோட்டுக்குப் பஸ் ஏறினேன்.

அப்போதுதான் வெளிநாட்டுக் கம்பெனிகளின் மெஷின்கள் நம் கடைகளில் தாராளமாக வர ஆரம்பித்திருந்தன. கடைக்காரர் என் வயதுக்காரர். வந்துபோகிறவர்கள் எல்லாம் பாய் என்று கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். சின்ன மெஷின் ஒன்றையும் பெரிய மெஷின் ஒன்றையும் மேஜைமேல் வைத்துவிட்டு, "வீட்டுக்குங்களா, தொழிலுக்குங்களா?" என்றார்.

"வீட்டுக்கு."

"எத்தனை ஓட்டை போடுவீங்க?"

"இப்போதைக்குக் கழிப்பறையில் ஒரு கைப்பிடி. அப்புறம் வீட்டு நடையில் ஒன்றிரண்டு."

"அதைக் கேக்கலைங்க. ஆயுசுக்கும் மொத்தம் எத்தனை ஓட்டை போடுவீங்க?"

"பென்ஷன் வாங்குகிறவனிடம் கேட்கிற கேள்வியா பாய் இது?"

அவர் சிரித்துவிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். பட்டறைக்காரங்க ஒரு நாள்ல போடறதை நீங்க ஆயுசுக்கும் போடமாட்டீங்க. அதனால இந்தச் சின்னதே போதும்னுதான் நான் நியாயமாச் சொல்லணும்." அதைப் பெட்டியில் வைக்கப் போனவர் நிறுத்தினார். "சுவரு எதுல கட்டினதுங்க?"

"தடாகம் செங்கல். சேம்பர் சூளையில் சுட்டது."

"பொறுக்கி எடுத்ததுங்களா?"

பொறுக்கி எடுத்ததுதான். வீடு கட்டும்போது தடாகம் பக்கத்துச் சூளையிலிருந்து லாரியில் வந்த செங்கலை ஒன்றோடொன்று தட்டி, வெண்கலச் சத்தம் வந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பி அனுப்பியவன் நான். பூச்சுக்குச் சிமெண்டு அளந்து போட்டேன்; பதினைந்து நாளும் தண்ணீர் விட்டு ஆறவைத்தேன். கொத்தனார் என்னைத் திட்டாத நாளில்லை. இதையெல்லாம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். பாய் சின்ன மெஷினை ஓரமாகத் தள்ளிவைத்தார்.

"அப்ப இதுதானுங்க" என்று பெரியதைத் தட்டிக்கொடுத்தார். "சுத்திக்கிட்டே சுத்தியலாட்டம் இடிக்கும். உங்க சுவருக்கு இடிச்சாத்தான் புத்தி வரும்."

அதன் விலை, மச்சினன் தன் மெஷினைச் சந்தையில் விற்கிற விலையைப்போல நாலைந்து மடங்கு. கூடவே, கெட்டி உலோக முனை வைத்த பிட்டுகள் அடங்கிய பெட்டியொன்றையும் எடுத்துக்கொண்டேன். வாங்கி வந்த அன்றே துளை போட்டிருக்கலாம். ஆனால் உபயோகிக்கும் முன் முழுவதையும் படிக்கவும் என்று விளக்கப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் போட்டிருந்தது. அப்படிப் போட்டிருப்பதைப் படித்துக் கீழ்ப்படிகிறவர்கள் உலகத்தில் சிலரே. நான் அவர்களில் ஒருவன். படித்து முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அவசரமும் இல்லை. ஆயுத பூஜை கழிந்து இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்புவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மறுநாள்தான் ஆயுத பூஜை.

அம்மாவுக்கு ஒத்தாசையாக ஆனைமலையிலிருந்து வந்திருந்த என் மகள், விடிந்ததும் வீட்டைக் கழுவி, பூஜை அலமாரிக்கு முன்னால் பலகை போட்டு, அரிவாள்மனை, கத்திரிக்கோல், சுத்தியல், திருப்புளி, என் பேனா எல்லாவற்றையும் துடைத்து அடுக்கினாள். நடுவில் புது மெஷின். சந்தனமும் குங்குமமும் வைத்து, மூக்கில் செவ்வந்திப் பூ செருகி, சாம்பிராணி காட்டி முடித்துவிட்டாள். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது அது கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது.

எங்கள் பக்கத்தில் ஆயுத பூஜையைச் சாதாரணமாக நினைத்துவிடக்கூடாது. ஊரே இரும்பால் பிழைக்கிற ஊர். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் மறுபூஜை போட்டு எடுக்கும்வரை யாரும் தொடமாட்டார்கள். லேத்துக்கும் அன்று ஓய்வு, அரிவாள்மனைக்கும் ஓய்வு. முந்தின நாளே காய் நறுக்கி வைத்துவிடுவார்கள். இந்த விஷயத்தில் எனக்குச் சொந்தக் கருத்து உண்டு என்றாலும், அதைக் கேட்க வீட்டில் ஆளில்லாததால் நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அப்போது டெலிபோன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. என் மனைவிக்கு எல்லாம் நன்றாக இருக்கிறது, இன்றைக்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள். பண்டிகையைக் கட்டிலில் கழிக்க வேண்டாம் என்று டாக்டர் பிரியப்பட்டாராம். அவர் மனசுக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். அன்று காலையில் மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

மத்தியானம் டாக்சியில் கூட்டிவந்தோம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, வாசலிலிருந்து அறைவரைக்கும் அவளாகவே நடந்தாள். கட்டிலில் சாய்ந்ததும் மகள் காப்பி கொண்டுவந்தாள்.

"வேண்டாங்கண்ணு."

"தண்ணியாவது?"

"வேண்டாம்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. மகள் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள்: "காத்தால இருந்தே ஒண்ணும் குடிக்கலீங்கப்பா. ஊட்டுக்குப் போறோம்னு சொன்னதுல இருந்து வாய மூடிக்கிட்டாங்க. உள்ள போனாத்தானே வெளிய வரும்னு பாக்கறாங்க."

கட்டிலுக்கு அடியில் அந்தப் பாத்திரம் துணி மூடி இருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. புரட்டாசி வெயிலில், மாத்திரையெல்லாம் சாப்பிடுகிறவள், உதடு காய்ந்து படுத்திருந்தாள்.

நான் நேராகப் பூஜைப் பலகையிடம் போய்க் குனிந்தேன்.

"அப்பா!" மகள் பதறினாள். "பூஜையில வெச்சதைங்களா எடுக்கறீங்க?"

"சாமிக்கு விளக்கம் கொடுத்துக்கொள்கிறேன்."

"ஏனுங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அதைத் தொடாதீங்க."

கட்டிலருகே போனேன். "உனக்காகத்தானே எடுக்கிறேன்?"

"எனக்காகத்தான் வேண்டாங்கறேன். இரும்பை நம்பிக் காலை ஊனப் போறவ நான். இன்னிக்கு ஒரு நாள் அதுக ஓய்வா இருக்கட்டும். அம்மணி, அந்தக் குங்குமத்தைக் கொண்டா."

மகள் கொண்டுவந்தாள். என் மனைவி சேலையை விலக்கி, தொடைக் கட்டுக்கு மேலே விரலால் காட்டினாள். "இங்க உள்ளதான் தகடு இருக்குது. இதுக்கும் ஒரு பொட்டு வெய்யி."

மகள் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், வெள்ளைக் கட்டின்மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நான் விடவில்லை. "வண்டிக்கெல்லாம் பொட்டு வைத்து மாலை போட்டு, அதே நாளில் எலுமிச்சம்பழம் நசுக்கி ஓட்டிக்கொண்டு போகிறார்களே, அதற்கென்ன சொல்கிறாய்?"

"வண்டி ஓடலைன்னா எந்தம்பி எப்படிங்க வருவான்?"

இதற்கு மேல் மேல்முறையீடு இல்லை.

அவள் சொன்னபடியே தம்பி வந்தான். சாயங்காலம் நாலு மணி வாக்கில், மாலை போட்ட ஸ்கூட்டரில், பொரியும் கடலையும் ஒரு பையில், செய்தித்தாள் சுற்றிய பொட்டலம் இன்னொரு பையில். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நேராக அக்காவிடம் போனான். நான் நஞ்சப்பா ரோட்டுக்குப் போன சேதி முந்தின நாளே மகள்மூலம் அவனுக்குப் போயிருந்தது.

"அக்கா, மாமா சீமை மெஷின் வாங்கிட்டாராமா? தம்பி செத்துப்போயிட்டான்னு நெனச்சுட்டாரா?"

"அதையே அவரு கிட்டக் கேளு. எனக்குத் தொண்டை காயுது, பேச முடியல."

"தண்ணி குடிக்கா."

அவள் குடிக்கவில்லை. மகள் அவனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் பூஜைப் பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கட்டிலைப் பார்த்தான். வாயாடி, அன்றைக்குத்தான் அவன் பேச்சு நின்று பார்த்தேன்.

பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே அவனுடைய மெஷின். பெயிண்ட் இன்னும் விரலில் ஒட்டியது.

"மாப்ள, இதற்குப் பட்டறைப் பூஜையில் பொட்டு வைத்தாயிற்றா?"

"இல்லீங்க மாமா. பூஜைக்கு அப்புறந்தான் இதோட பாகத்தையெல்லாம் பூட்டி எடுத்தேன். அக்கா ஊட்டுச் சாமி முன்னாடி வெச்சே பொட்டு வெக்கலாம்னு அப்படியே கொண்டாந்தேன்."

"பூஜைக்கு அப்புறம் பூட்டினாயா? திருப்புளியைத் தொட்டா?"

"சாமி அதைக் கவனிக்கலீங்க" என்றான் அவசரமாக.

எங்கள் கொள்முதல் பிரிவில் ஒரு விதி உண்டு. லாரியிலிருந்து இறங்கிய பொருள், பரிசோதித்து ஏற்றுக்கொள்ளப்படும்வரை அலுவலகப் பொருள் அல்ல. வாசலில் கிடக்கலாம், மழையில் நனையலாம், மாடு வந்து உரசலாம். அது இன்னும் அனுப்பியவருடையதுதான். அந்த ஒரு விதியால் நான் கொட்டிக்கொண்ட வயிற்றெரிச்சல் கொஞ்சமல்ல. அதையே அன்று கட்டிலருகே நின்று என் மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். பொட்டு வைத்து ஏற்றுக்கொண்டால்தான் ஆயுதம். அதுவரை இது மச்சினன் கொண்டுவந்த பொட்டலம்.

அவள் பொட்டலத்தைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப இது வெறும் சாமானுங்களா?"

"வெறும் சாமான்."

"ஆபீஸ்ல இப்படித்தான் காலந்தள்ளுனீங்களா?"

"இப்படியேதான்."

"செரி. ஓட்டுங்க."

கழிப்பறைச் சுவரில் கைப்பிடிக்கு அடையாளம் போட்டேன். மச்சினன் தன் மெஷினில் தன் பிட்டையே மாட்டி வைத்து அழுத்தினான். அது இரும்புக்கான பிட். டைல்ஸுக்குக் கொஞ்சம் மெருகு ஏறியதே தவிர வேறொன்றும் நடக்கவில்லை. கூடவே அங்கேயும் இங்கேயும் வழுக்கி ஓடியது.

"சீமை மெஷினோட வந்த பிட்டு எங்கீங்க மாமா?" என்றான் மெதுவாக.

பெட்டி என் அலமாரியில் இருந்தது. அதற்குப் பொட்டு உண்டா இல்லையா என்று மகளைக் கேட்டோம். "பலகையில இடம் பத்தலீங்கப்பா. மெஷினை மட்டுந்தான் வெச்சேன்." நான் மனசுக்குள் பலகை செய்த ஆசாரிக்கு நன்றி சொன்னேன்.

டைல்ஸ்மேல் பசை நாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் பிட் வழுக்காது என்பதை விளக்கப் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்தனுப்பிய பிளாஸ்திரியை ஒட்டினோம். விலை கூடிய பிட்டும் விலை குறைந்த மெஷினும் சேர்ந்து டைல்ஸை அழகாகத் துளைத்தன. டைல்ஸுக்கு இடிக்கிற மெஷின் ஆகாது, விரிசல் விடும். அந்த அளவில் மச்சினனுடையது சரியான மெஷின்தான். அதை நான் வாய்விட்டுச் சொன்னதும் அவனுக்குப் பழைய குரல் திரும்பிவிட்டது.

"பாத்தீங்களா மாமா? நம்ம ஊரு சரக்கு!"

டைல்ஸ் முடிந்து தடாகம் செங்கல் வந்தது. குரல் மறுபடி போய்விட்டது. மெஷின் உறுமியது, நடுங்கியது, அரிசி மணி அளவு உள்ளே போனது. அவன் வாக்களித்திருந்தபடியே வார்னிஷ் வாடை வந்தது. நிறுத்தினோம். சூடு ஆறட்டும் என்று மச்சினன் அதை மடியில் வைத்து, சீமை மெஷினின் விளக்கப் புத்தகத்தால் விசிறினான். ஆறியதும் மறுபடி ஓட்டினோம். வாடை வந்ததும் மறுபடி விசிறல்.

"ஒவ்வொரு செங்கலாத் தட்டிப் பாத்து வாங்குனாராமா" என்று சுவரிடம் முணுமுணுத்தான். "மாமா, கொஞ்சம் மட்டமானதா வாங்கியிருந்தா இந்நேரம் காப்பி குடிச்சிட்டு இருப்போம்."

அப்படி விசிறிக்கொண்டிருந்த ஒரு இடைவெளியில், என்னைப் பார்க்காமல் சொன்னான்: "சின்னதுல எனக்கு டைபாய்டு வந்து எந்திரிக்க முடியாமக் கெடந்தனுங்க. அப்ப அக்காவும் சின்னப்புள்ளதான். ஒவ்வொரு தடவையும் என்னை முதுகுல தூக்கிக்கிட்டுக் காட்டுக்குப் போயி வருவா. பாத்திரம் வெக்கறேன்னு அம்மா சொன்னாக்கூட விடமாட்டா. எந்தம்பிக்கு வெக்கமா இருக்கும்பா." விசிறியதை நிறுத்தி மெஷினைத் தொட்டுப் பார்த்தான். "ஆறிருச்சு. புடிங்க."

அத்தனை வருஷம் அவர்களோடு சம்பந்தம் வைத்திருந்தும் எனக்கு அந்த விஷயம் தெரியாது.

கடைசித் துளையில் மெஷின் பாதியில் நின்றுவிட்டது. ஸ்குரூ பிடிப்பதற்கான பிளாஸ்டிக் முளையை விட்டுப் பார்த்தேன். கால் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "போதுங்க மாமா, முளையை வெட்டிப்போடலாம்" என்றான். வெட்டக்கூடாது என்றேன். மற்ற விஷயங்களில் விதியை நெளிக்கலாம். அவள் எடையைத் தாங்கப்போகிற ஸ்குரூவில் நெளிக்க முடியாது. அவனும் மறுக்கவில்லை. நன்றாக ஆறவிட்டு, மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ்ஷைத் தட்டி, குலதெய்வத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே சுவிட்சை அழுத்தினான். ஓடியது. கால் அங்குலமும் போனது. பிறகு ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம், மூக்கிலிருந்து வெள்ளைப் புகை. அவ்வளவுதான். அந்த மெஷின் அதற்கப்புறம் ஓடவேயில்லை.

மறுநாள் மறுபூஜைக்குப் பிறகு பெரிய மெஷினை எடுத்து நடையில் மற்றக் கைப்பிடிகளுக்குத் துளை போட்டேன். தேங்காய்ப் பர்பியில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. இன்றும் அதுதான் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே எதை வாங்குவது என்று கேட்டால், கூசாமல் அதையே சொல்கிறேன். மலிவான மெஷினே கையில் இருந்தாலும் பிட்டை மட்டும் நல்லதாக வாங்குங்கள் என்றும் சொல்கிறேன். மச்சினனே அடுத்த வருஷம் டிரில்லிங் மெஷின் செய்வதை விட்டுவிட்டு கிரைண்டருக்குத் திரும்பிவிட்டான். ஆனால் எனக்கு வேண்டியிருந்தது மறுநாள் அல்ல. நல்ல மெஷின் பூவும் பொட்டுமாகப் பலகையில் உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலத்தில், உயிர் போகிறவரை உழைத்தது மற்றது. அதைக் குற்றம் சொல்ல எனக்கு இன்றுவரை மனசு வந்ததில்லை.

அன்று சாயங்காலம் திருப்புளியும் பலகையில் இருந்ததால், ஸ்கூட்டரின் டூல்ஸ் பையில் கிடந்த ஒன்றை எடுத்துக் கைப்பிடியை முடுக்கினோம். வண்டிக்கு வைத்த பொட்டு பைக்குள் இருப்பதற்கும் செல்லுமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஏற்றுக்கொள்ளும் முன் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது. இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு காலைத் தூக்கித் தொங்கினேன். அசையவில்லை. "நீங்க பென்ஷன் எடை, பத்தாதுங்க" என்று மச்சினன் தள்ளிவிட்டுத் தானே தொங்கினான். அவன் சரீரம் மூட்டை சரீரம். சுவர் முனகக்கூட இல்லை. தடாகம் செங்கலுக்கு ஒரு கும்பிடு.

தரையைத் துடைத்து ஈரம் காயவைத்தோம். அவள் வாக்கரோடு வந்தாள். மகள் பின்னால், நான் பக்கத்தில், மச்சினன் முன்னால் பின்னோக்கி நடந்தபடி, ஏதோ சாமி ஊர்வலம் போல. கழிப்பறை வாசலில் நின்று கைப்பிடியைப் பார்த்தாள். எட்டிப் பிடித்தாள். இழுத்துப் பார்த்தாள். பிறகு எங்கள் மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்தாள். நாங்கள் ஆளுக்கொரு அடி பின்வாங்கினோம். கதவு சாத்திக்கொண்டது.

மகள் கதவில் காதை வைக்கப் போனாள். நான் தடுத்தேன். விழுகிற சத்தம் கேட்குமோ என்று மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கைப்பிடியில் வளையல் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம். மறுபடியும் வளையல், எழுந்து நிற்கிறாள் என்று தெரிந்தது. மச்சினன் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். வேர்வை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

"ஏனுங்க" என்று உள்ளேயிருந்து குரல்.

"என்ன? வரட்டுமா?"

"நீங்க எதுக்குங்க வரோணும்? மூணு பேரும் இன்னுமா அங்கயே நின்னுட்டிருக்கறீங்க? போங்க அக்கட்டால. அம்மணிகிட்டச் சொல்லி எந்தம்பிக்குக் காப்பி போடச் சொல்லுங்க. எனக்கும் ஒரு டம்ளர், பெரிய டம்ளரா."